காரணம் எழுதும் கட்டம்

மாவுக்காரர் என்று கேட்டதும் வெளியாட்கள் அவர் ஏதோ மாவு மில் வைத்திருக்கிறார் என்றே நினைத்துக்கொள்வார்கள். மில்லுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவை ஒட்டினாற்போல மாவுக்கட்டு அறை ஒன்று உண்டு. அங்கே இருபத்தேழு வருடமாக அடிபட்ட கைகால்களுக்குக் கட்டுப் போடுகிறவர் அவர். வெளியே ஒரு மர பெஞ்சு, உள்ளே ஒரு முக்காலி, ஒரு தகர வாளி, சுவரெல்லாம் வெள்ளைத் தெறிப்பு. முக்காலியில் உட்காருகிற ஆளின் கையை வாங்கித் தன் முழங்காலில் வைத்துக்கொள்வார். கட்டைவிரலால் இரண்டே இடத்தில் அழுத்துவார். அந்த ஆள் வாயைத் திறப்பதற்குள் இவரே சொல்லிவிடுவார்.

"விழுந்தப்ப உள்ளங்கையை ஊனிட்டீங்க. சைக்கிளா, குளியலறையா?"

"குளியலறைதாங்க. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"கை சொல்லுதே!"

இதில் அவருக்குத் தலைக்கனம் உண்டு. இல்லையென்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஊனி விழுந்தவனுக்குக் கட்டைவிரல் அடியில் இருக்கிற குழியில் வலிக்கும், உள்ளங்கை சிராய்த்திருக்கும். முறுக்குப்பட்ட கைக்குச் சுண்டுவிரல் பக்கம், எலும்பு முடிச்சுக்குக் கீழே தொட்டால் ஆள் துள்ளுவான். புதிதாக வந்த டாக்டர்கள்கூட எக்ஸ்ரேயைப் பார்த்துக் குழம்பினால், "மாவுக்காரர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வாங்க" என்று அனுப்புவார்கள்.

சுளுக்கு என்று வந்துவிட்டால் பிரசங்கமே நடக்கும். "சுளுக்குத்தானேன்னு விட்டுடாதீங்க. எலும்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடிச்சிருக்கற நார் இழுபட்டிருக்கு. ஆபரேஷனும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ரெண்டு நாள் துணியில சுத்தி ஐஸ் வைங்க. கை நெஞ்சுக்கு மேல இருக்கணும். எண்ணெயைப் போட்டு நீவினீங்கன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் இந்தப் பக்கமே வராதீங்க. மூணு வாரம் இந்தப் பட்டை. விரலை மட்டும் ஆட்டிட்டே இருங்க. மூணு வாரம் முடிஞ்சா கழட்டிடணும், கொஞ்சம் கொஞ்சமா மடக்கி நீட்டணும். வலிக்கு பயந்து கழட்டாம விட்டீங்க, கை கட்டையாப் போயிடும். புரிஞ்சுதா?" புரிந்தது என்று வாயால் சொல்லும்வரை ஆளை எழுந்திருக்க விடமாட்டார். ஊருக்கு உபதேசம் பண்ணுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கட்டு முடிந்ததும் சீட்டு எழுத வேண்டும். அடியில் கார்பன் வைத்து இரண்டு பிரதி, நோயாளிக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. நடுவில் ‘அடிபட்ட காரணம்’ என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘காயம் இந்தக் காரணத்துக்குப் பொருந்துகிறதா? ஆம் / இல்லை.’ அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆள் என்ன சொன்னானோ அதைக் கட்டத்தில் எழுதுவார், ‘ஆம்’ என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார், டாக்டர் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். இருபத்தேழு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் ‘இல்லை’யைச் சுற்றி வட்டம் போட்டதில்லை. கை ஒன்று சொல்லும், வாய் வேறொன்று சொல்லும், அதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். நமக்கெதுக்கு வம்பு, அடுத்த ஆளைக் கூப்பிடு என்பதுதான் அவர் கொள்கை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினேழாம் நம்பரைக் கூப்பிட்டபோது உள்ளே வந்தது அவர் மகள்.

வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு வந்தாள். பின்னாலேயே மாப்பிள்ளை, அவள் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, எக்ஸ்ரே உறையைப் பிடித்துக்கொண்டு.

"என்னம்மா இது? போன்கூடப் பண்ணாம..."

"மாடிப்படியில வழுக்கிட்டா மாமா," என்றார் மாப்பிள்ளை. "நேத்து சாயங்காலம். எலும்பு ஒண்ணும் உடையலைன்னு டாக்டர் சொல்லிட்டார். சுளுக்குத்தானாம்."

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்து கையை அவர் முழங்காலில் வைத்தாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், எலும்பு சுத்தம். கட்டைவிரல் குழியில் அழுத்தினார். அவள் அசையவில்லை. உள்ளங்கையைத் திருப்பினார். ஒரு கீறல் இல்லை. படியில் விழுகிற எந்த மனுஷனும் கையை ஊனாமல் விழுவதில்லை. சுண்டுவிரல் பக்கம் மெல்ல அழுத்தினார். அவள் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தே விட்டாள்.

"மெதுவா மாமா," என்றார் மாப்பிள்ளை.

சட்டைக் கையைச் சற்று மேலே தள்ளினார். மணிக்கட்டின் மேல்பக்கம் நாலு நீலத் திட்டு, அடிப்பக்கம் ஒன்று. யாராவது அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தால் ஐந்து விரலும் அப்படியே பொருந்தும். மாவுக்காரர் நிமிர்ந்து மாப்பிள்ளையின் வலது கையைப் பார்த்தார். சுண்டுவிரலின் முட்டி உள்ளே அமுங்கியிருந்தது. அதைச் சேர்த்துக் கட்டியதும் அவர்தான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே முக்காலியில்தான் அந்தப் பிள்ளையாண்டான் வந்து உட்கார்ந்தான். லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர், மடிப்புக் கலையாத சட்டை. சுண்டுவிரல் முட்டி உடைந்திருந்தது. அந்த முட்டி உடைய வேண்டுமென்றால் கையை மடக்கி எதையாவது குத்த வேண்டும், வேறு வழியே கிடையாது. வாரத்துக்கு ஒருத்தனாவது அப்படி வருவான். அதற்கென்றே ஒரு கிண்டல் வைத்திருந்தார் மாவுக்காரர். "எந்தச் சுவர் மேல தம்பி கோவம்?"

"சுவர்தான் சார் முதல்ல ஆரம்பிச்சது," என்று சிரித்தானாம். இவரும் விழுந்து விழுந்து சிரித்தார். சீட்டில் அவன் கேட்டுக்கொண்டபடி ‘கதவில் மாட்டிக்கொண்டது’ என்று எழுதினார். எலும்பை இழுத்துச் சேர்க்கும்போது அவன் பல்லைக்கூடக் கடிக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "இன்னைக்கு ஒரு பையன் வந்தான், என்ன பொறுமைங்கறே! ஆளுன்னா அப்படி இருக்கணும்," என்றார். கட்டுப் பிரிக்க வந்தபோது குடும்பத்தை விசாரித்தார். கையைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவேன் என்று மார்தட்டுகிற மனுஷன், சுவரைக் குத்தின கையைப் பார்த்துப் பெண்ணைக் கொடுத்தார். என்ன சொல்ல!

இப்போது மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்க நினைத்தார். வெளியே பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கதவருகே நர்ஸ் ஒருத்தி நின்றாள், அவளுக்கு இவர் குடும்பமே தெரியும். மாப்பிள்ளை நர்ஸைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். மகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து, தகடு வைத்த பட்டையை எடுத்து, இருபத்தேழு வருடத்தில் யாருக்கும் போடாத பதத்தில் அவளுக்குப் போட்டார். பிறகு சீட்டை எடுத்தார். ‘மாடிப்படியில் வழுக்கி விழுந்தது.’ கீழே ‘ஆம்’, ஒரு வட்டம்.

"மூணு வாரம் கையை அசைக்கவே கூடாது மாப்பிள்ளை. அங்க சமையல், துணின்னு சும்மா இருக்க மாட்டா. எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

"நீங்க சொன்னா சரி மாமா."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அங்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டாயிற்று, வாயும் திறக்க வேண்டியதில்லை. சாமர்த்தியம் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

வைத்தியத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. வேளைக்கு வேளை ஐஸ், தூங்கும்போது கைக்கடியில் இரண்டு தலையணை, விரல் ஒவ்வொன்றையும் அவரே பிடித்து மடக்கி நீட்டிவிட்டார். சாப்பாட்டுத் தட்டில் எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக நறுக்கி வைத்தார். எல்லாம் செய்தார், ஒன்றைத் தவிர. என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அதில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது.

மூன்றாவது வாரம் வீக்கம் சுத்தமாக வடிந்துவிட்டது. அவர் சுண்டுவிரல் பக்கம் அழுத்திப் பார்த்தார், அவள் துள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பழப்பையோடு வந்து உட்கார்ந்தார்.

"கழட்டிடலாமா மாமா?"

"நார் இன்னும் சேரல. இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்."

மகள் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

ஐந்தாவது வாரமும் அதே கேள்வி, அதே பதில். ஆறாவது வாரம் அவள் வேலை பார்த்த முடிவெட்டும் கடையில், அவள் நாற்காலிக்கு வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டதாகப் போன் வந்தது. ஏழாவது வாரம் மனைவி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, ஊர்ல உள்ளவங்க சுளுக்குக்கெல்லாம் மூணு வாரம். நம்ம பொண்ணு சுளுக்கு மட்டும் என்ன ராஜ சுளுக்கா? மாப்பிள்ளை என்ன நினைப்பார்?"

"நீ சும்மா இரு. வைத்தியம் எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியும்தான். அதுதான் கொடுமை. பட்டைக்குள்ளே கிடக்கிற மணிக்கட்டு ஒவ்வொரு நாளும் இறுகுகிறது என்பது அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ராத்திரி அவள் தூங்கின பிறகு போய்ப் பார்ப்பார். கழற்றினால் கை பிழைக்கும், பெண் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். கழற்றாவிட்டால் கை போகும், பெண் இங்கே இருப்பாள். மூன்றாவதாக ஒரு வழி, ‘அவள் வரமாட்டாள்’ என்று மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்வது. அது மட்டும் அவருக்கு வரவில்லை.

எட்டாவது வாரம் மாப்பிள்ளை பழம் கொண்டு வரவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன் மாமா. வேற நல்ல டாக்டர்கிட்ட காட்டிக்கறேன்," என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் பிசியோதெரபி அம்மா மாவுக்கட்டு அறைக்குள் புயல் மாதிரி நுழைந்தாள். மாவுக்காரர் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தால் பெரியவர், சின்னவர் பார்க்கமாட்டாள்.

"உங்க பொண்ணு என் ரூமுக்கு வந்திருந்தா. சாதாரணச் சுளுக்குக்கு எட்டு வாரமா பட்டையாம்! எந்தப் புண்ணியவான் சொன்னது? நீங்க வீட்டுல இருந்தும் இப்படியா? கதவுக் குமிழைத் திருப்ப முடியல அவளால. கத்தரிக்கோல் பிடிக்கிற கைங்க அது!"

"சரியாயிடுமில்ல?"

"பயிற்சி பண்ணினா பாதிக்கு மேல வரும். முழுசா வருமான்னு கேட்டா, எனக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அந்த அம்மா போனதும் வாசலில் நின்றிருந்த மகள் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். பட்டை கையில் இல்லை. கை வெளுத்து, மெலிந்து, யாருடைய கையோ மாதிரி இருந்தது.

"மூணாவது வாரமே வலி போயிடுச்சுப்பா," என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்பா கட்டி வச்சீங்க?"

"நீ அங்க திரும்பிப் போகக் கூடாதுன்னுதான்."

"அதை வாயால சொல்றதுக்கு என்ன?" அவள் குரல் ஏறவில்லை, அதுதான் அவரை அறுத்தது. "அன்னைக்கு மாடிப்படின்னு நான் சொல்லலப்பா. அவர்தான் சொன்னார். நான் உங்க முகத்தையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். அழுத்தினீங்க, உங்க முகம் மாறிச்சு. சரி, அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே அவர் பார்த்துக்குவார்னு நினைச்சேன். எட்டு வாரமா நினைச்சிட்டே இருந்தேன்."

"நீயாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே கண்ணு."

"யார்கிட்ட? என்ன பொறுமையான பையன்னு ஊரெல்லாம் சொன்ன ஆள்கிட்டயா?"

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துணிதான் நனைந்தது.

"நாளைக்குக் காலையில போலீஸ்ல புகார் குடுக்கப் போறேன். நீங்க வந்து பார்த்ததைச் சொல்லணும். நீங்க சொன்னா நம்புவாங்க. இருபத்தேழு வருஷமா இதே வேலை. வருவீங்களா?"

"வரேன்."

"எக்ஸ்ரே உறைக்குள்ள நீங்க எழுதின சீட்டு மடிச்சபடியே இருக்கு, அதையும் எடுத்துக்கறேன். பார்த்ததைத்தானே எழுதியிருப்பீங்க?"

இப்போதாவது சொல்லித் தொலைக்க வேண்டாமா அந்த மனுஷன்? தலையை மட்டும் ஆட்டினார். அது ஆமா, இல்லையா என்று அவருக்கே தெரியாது. அவள் ஆமா என்று எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சாயங்காலம் ஆவண அறைக்குப் போய் ஆஸ்பத்திரிப் பிரதியைத் தேடி எடுத்தார். அவருடைய முத்து எழுத்து பளிச்சென்று இருந்தது. கிழித்துப் போடலாமா என்று பார்த்தார். ‘இல்லை’யைச் சுற்றி இன்னொரு வட்டம் போடலாமா என்றும் பேனாவை எடுத்தார். போட்டு என்ன? இன்னொரு பிரதி மகளின் உறைக்குள் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தால், சோறு இரண்டு தட்டில் இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணு, அந்தச் சீட்டுல..." என்று ஆரம்பித்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. காத்து அடிக்குது, ஜன்னலைச் சாத்தட்டுமா?"

புகார் எடுக்கிற அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். மேசைமேல் காகிதக் கட்டுகள், ஒரு பாதி குடித்த டீ. மகள் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். நடுவில் ஒரு தடவை அவள் கையை எட்டிப் பார்த்தாள். பிறகு உறையை வாங்கிச் சீட்டைப் பிரித்தாள். மாவுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல மாடிப்படியில விழுந்ததுன்னுல்ல எழுதியிருக்கு?" என்றாள் அதிகாரி. "காயம் பொருந்துதான்னு கேட்ட இடத்துல ‘ஆம்’னும் இருக்கே."

மகள் சீட்டை வாங்கிப் படித்தாள். சின்ன வயதில் அவள் நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் பெயர் எழுதிக் கொடுத்த எழுத்து. அவளுக்கா அடையாளம் தெரியாது? மடித்துத் திரும்ப மேசையில் வைத்தாள். அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

"யார் எழுதினது?" என்றாள் அதிகாரி.

மாவுக்காரர் எழுந்து நின்றார். "நான்தான் மேடம்."

"பார்த்துட்டு எழுதினீங்களா, பார்க்காம எழுதினீங்களா?"

"பார்த்துட்டுத்தான்."

"பார்த்ததுல என்ன தெரிஞ்சுது?"

"முறுக்கினதுன்னு தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் இப்படி எழுதினீங்க?"

"வெளிய தெரிஞ்சா கேவலமாப் போயிடுமேன்னு..."

"யாருக்கு?"

"எனக்குத்தான்," என்றார்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "எட்டு வாரம் கட்டி வச்சதும் நீங்கதானா?"

"ஆமாங்க."

"இந்தா பாருங்கம்மா," என்று மகளிடம் திரும்பினாள். "ஒளிக்காம சொல்லிடறேன். அவங்க வக்கீல் இந்த ஒரு தாளை நீட்டினாப் போதும். ஆஸ்பத்திரியில பார்த்தவரே விழுந்ததுன்னு எழுதியிருக்கார், இப்ப பொண்ணுக்காக மாத்திப் பேசறார்ம்பாங்க. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யாம்பாங்க. இவர் வேலைக்கும் ஆபத்து. கேஸ் நிக்குமான்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. ஆனா புகாரை எடுத்துக்கறேன். உங்க கைப்பட எழுதுங்க."

வெள்ளைத்தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தாள். மகள் பேனாவை எடுத்தாள். மணிக்கட்டு வளையவில்லை. முழங்கையைத் தூக்கி, தோளைச் சாய்த்து, எப்படியோ இரண்டு எழுத்துப் போட்டாள். மூன்றாவது எழுத்துக்கு விரல் விட்டுவிட்டது. பேனா உருண்டு கீழே விழுந்தது.

"எழுத வரல மேடம்."

"நீங்க சொல்லுங்க, வேற யாராவது எழுதட்டும். கீழ எப்படியாவது ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க." அறையில் வேறு யாரும் இல்லை. அதிகாரி மாவுக்காரரைப் பார்த்தாள்.

அவர் குனிந்து பேனாவை எடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "‘என் கணவர் என் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்.’ எழுதிட்டீங்களா?"

"ம்."

"‘இது முதல் தடவை இல்லை.’"

அவர் பேனா நின்றது. அவர் தலைநிமிர்ந்து அவளைப் பார்த்தார். இது அவருக்குத் தெரியாது. அந்தக் கையை எட்டு வாரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் தெரியாது.

"எழுதுங்கப்பா."

எழுதினார்.

"‘மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குக் கட்டுப் போட்டவருக்கு அன்றைக்கே எல்லாம் தெரியும்.’"

பேனா மறுபடி நின்றது. மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் தூக்கியது. அவர் இடது கையால் அதை அழுத்திக்கொண்டார்.

"கட்டுப் போட்டவர்னு எழுதட்டுமா," என்று கேட்டார், "அப்பான்னு எழுதட்டுமா?"

"ரெண்டையும் எழுதுங்க," என்றாள் மகள்.

அவர் இரண்டையும் எழுதினார்.